மேலே சிவந்தால் போதுமா?



வீட்டுக்குள் புதிதாக ஒரு சாமான் வந்துவிட்டால் அதை வாழ்த்துவதா, வைவதா என்று புரியாமல் நாம் தடுமாறுவோம் அல்லவா? மிக்ஸி வந்த புதிதில், “அம்மியில் அரைத்த ருசி வருமா?” என்றோம். குக்கர் வந்தபோது, விசில் சத்தம் கேட்டாலே இரண்டடி தள்ளி நின்றோம். இன்று அவை இரண்டும் இல்லாத அடுப்படியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இப்போது அந்த வரிசையில் ஏர் ஃப்ரையர் என்று ஒன்று வந்து மேடையில் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பதற்குக் கறுப்புக் குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். முன்னால் ஒரு கைப்பிடி. இழுத்தால் டிராயர் மாதிரி ஒரு கூடை வரும். இளம் தாய்மார்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதிலும் முக்கியமாக ஒரு கேள்வி: “ஃப்ரீசரில் வைத்த கறி உருண்டையை அப்படியே அதில் போட்டுப் பொரிக்கலாமா? மேலே நன்றாகச் சிவந்துவிடுகிறது, உள்ளே வேகிறதா என்றுதான் தெரியவில்லை!”

நியாயமான சந்தேகம். இதற்கு நான் புத்தகம் பார்த்துப் பதில் சொல்வதைவிட, பட்டறிந்ததைச் சொல்வதுதான் முறை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் மதுரையிலிருந்து சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்திக்கு இரண்டு வயது. மருமகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்ப் பக்குவத்தில் கோலா உருண்டை செய்தேன். பாதியை அன்றே எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டோம். மீதியை, “வாரத்தில் ஒரு நாள் ஆகட்டும்” என்று எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். பச்சைக் கறியாகத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி. மருமகள் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறாள். குழந்தைக்கோ பசி, அழுகை. “நீ முகம் கழுவிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லி, டப்பாவை எடுத்தேன். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறை மாதிரி இருந்தன. கத்தி நுனியால் நெம்பிப் பிரித்து, ஏர் ஃப்ரையர் கூடையில் நிரப்பி, 200 டிகிரிக்குத் திருப்பினேன். சூடு கூட வைத்தால் சீக்கிரம் ஆகும் என்பது என் கணக்கு. பத்து நிமிடத்தில் பார்த்தால், ஆஹா, பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பு! வாசனை வேறு கூடத்துக்குப் போய்விட்டது. பருப்புச் சாதத்தின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பேத்தியிடம் நீட்டினேன்.

மருமகள் வந்து, குழந்தைக்காக அதைப் பிட்டாள். அவள் முகம் மாறிவிட்டது.

“அத்தை, குடுக்காதீங்க! நடுவுல ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கு!”

தட்டை இழுத்த வேகத்தில் சாதம் கொஞ்சம் சிந்தியது. எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாகக் கோலா பொரிக்கிறவளிடம் இப்படியா என்று தோன்றியது. “மெஷின் சரியில்லை. எண்ணெய்ச் சட்டியில போட்டிருந்தா இந்த வம்பே கிடையாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்று குழந்தைக்குத் தயிர்ச் சாதம்தான்.

இரவு குழந்தை தூங்கிய பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கோபமா அத்தை? நான் சத்தமாப் பேசினது தப்புதான். ஆனா போன மாசம் பாப்பா வயித்துப்போக்குல ரெண்டு நாள் துவண்டு கெடந்தா. ராத்திரி பூரா உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாப் புகட்டினேன். நீங்க ஊர்ல கவலைப்படுவீங்கன்னு சொல்லலை. அதுலேருந்து எனக்குக் கொஞ்சம் பயம்” என்றாள்.

அந்த இரண்டு நாளும் நான் மதுரையில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்! என் கோபம் எங்கே போயிற்றோ தெரியாது. மறுநாளிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று பார்த்தோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் பொரிப்பான், வேலை அடுப்பு

முதலில், இந்தச் சாமானின் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. 2010-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி இதை அறிமுகப்படுத்தியது. ‘காற்றில் பொரிப்பது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இது எண்ணெய்ச் சட்டியின் தங்கை அல்ல. பேக்கரி அடுப்பின் தங்கை. மேலே ஒரு மின்கம்பிச் சுருள் பழுக்கிறது. அதற்கு மேலே ஒரு விசிறி சுற்றுகிறது. சூடான காற்று வேகமாகக் கூடைக்குள் இறங்கி, ஓட்டைகள் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. அவ்வளவுதான்.

எண்ணெய் 180 டிகிரியில் இருந்தாலும், காற்று 180 டிகிரியில் இருந்தாலும் எண் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. சூடான அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே சூட்டு எண்ணெயில் விரல் நுனி பட்டால் என்ன ஆகும்? எண்ணெய் சூட்டை உடனே கொடுத்துவிடும். காற்று மெதுவாகத்தான் கொடுக்கும். ஆகவே எண்ணெய்ச் சட்டிக் கணக்கை இங்கே போடக் கூடாது.

இரண்டாவது, பனிக்கட்டி விஷயம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், மறந்துபோயிற்று. ஒரு கிராம் பனிக்கட்டி 0 டிகிரியிலேயே உருகித் தண்ணீராவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே 80 கலோரியைக் கொண்டு ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சுட வைத்துவிடலாம்! (இது பௌதிகப் பாடத்துக் கலோரி, உடம்பு இளைக்கக் கணக்குப் பார்க்கும் கலோரி அல்ல.) கறியில் பெரும்பகுதி தண்ணீர்தானே? அது உருகி முடிகிற வரைக்கும் உருண்டையின் நடு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்குள் வெளித்தோல் காய்ந்து, சிவந்து, ‘ஆகிவிட்டது’ என்று நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும். சூட்டைக் கூட்டக் கூட்ட வெளியேதான் கருகுமே தவிர, உள்ளே வேகம் வராது.

மூன்றாவது, அளவு. உருண்டையின் விட்டம் இரண்டு மடங்கானால், நடுவுக்குச் சூடு போய்ச் சேர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும். நெல்லிக்காய்க்கும் எலுமிச்சைக்கும் இத்தனை வித்தியாசமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆக, மெஷின் மேல் குற்றமில்லை. பெரிதாக உருட்டியது, பச்சையாக உறைய வைத்தது, ஒட்டவிட்டது, கூடையை நிரப்பியது, சூட்டை ஏற்றியது, எல்லாம் என் கைவேலை!

கொத்துக்கறிக்கு ஏன் இத்தனை ஜாக்கிரதை?

“அரை வேக்காட்டுக் கறியைச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்களே” என்று சிலர் கேட்பார்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும்; மேலே சூடு பட்டதும் செத்துப்போகும். கொத்திவிட்டால் மேலே இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. ஆகவே கொத்துக்கறி உருண்டை நடு வரைக்கும் வெந்தே ஆக வேண்டும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறிக் கொத்தாக இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ். கோழிக்கறியாக இருந்தால் 74 டிகிரி. உறைய வைப்பதால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது தூங்குகிறது, அவ்வளவுதான். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதில் சலுகையே கிடையாது.

நிறத்தைப் பார்த்துச் சொல்லலாமா? கூடாது. வெறும் கறியிலேயே நிறம் நம்மை ஏமாற்றும். நம் கோலாவில் மஞ்சளும் மிளகாயும் மசாலாவும் சேர்ந்த பிறகு நிறத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? சமையலுக்கென்று ஊசி போன்ற முனையுள்ள தெர்மாமீட்டர் கிடைக்கிறது. உருண்டையின் பக்கவாட்டில் குத்தி, முனை நடுவில் நிற்கிற மாதிரி வைத்துப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை இதற்குப் போட்டுவிடாதீர்கள்! தெர்மாமீட்டர் இல்லையென்றால், அடுத்து நான் சொல்கிற முறைதான் உத்தமம்.

இட்லிக் கொப்பரை கைகொடுத்தது

“ஆவியில வேகவச்சு, அப்புறம் ஃப்ரீசர்ல வச்சா என்ன?” என்று எனக்குத் தோன்றியது. பருப்பு உருண்டைக் குழம்புக்கு அப்படித்தானே செய்கிறோம்? முதலிலேயே முழுசாக வேகவைத்துவிட்டால், பிறகு ஏர் ஃப்ரையருக்குச் சூடாக்குவதும் சிவக்க வைப்பதும் மட்டும்தான் வேலை. மருமகளுக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த ஞாயிறே செய்து பார்த்துவிட்டோம்.

தேவையான பொருள்கள்: கொத்துக்கறி அரைக் கிலோ, பொட்டுக்கடலை 100 கிராம், சின்ன வெங்காயம் 15, தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, பூண்டு 8 பல், பச்சை மிளகாய் 3 (குழந்தைக்கு என்றால் ஒன்று போதும்), சோம்பு ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, பட்டை சிறு துண்டு, கிராம்பு 2, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லித் தழை, உப்பு.

செய்முறை: கறியைக் கழுவினால் வடிதட்டில் போட்டு, கையால் ஒட்டப் பிழிந்துவிடுங்கள். ஈரம் நின்றால் உருண்டை பிடிக்காது. பொட்டுக்கடலையைத் தனியே மாவாக்கிக்கொள்ளுங்கள். மற்ற சாமான்களைத் தண்ணீர் விடாமல் அரைத்து, அதோடு கறியைச் சேர்த்து மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். கடைசியில் பொட்டுக்கடலை மாவைத் தூவிப் பிசையுங்கள். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு பெரிய நெல்லிக்காய் அளவு, அதாவது ஒன்று 25 கிராம் வருகிற மாதிரி, உருட்டுங்கள். சுமார் 30 உருண்டை வரும். விரிசல் இல்லாமல் அழுத்தி உருட்டுவது முக்கியம். சில வீடுகளில் வாழை நாரால் கட்டிப் பொரிப்பார்கள். ஆவியில் வேகவைப்பதற்கு அது வேண்டியதில்லை.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, குழிக்கு ஒன்றாக வைத்து, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு 15 நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நடுவிலும் ஆவி பறக்க வேண்டும், பச்சை வாடை இருக்கக் கூடாது.

பிறகு விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். ஆறட்டும் என்று வைத்துவிட்டுச் சினிமா பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். சமைத்த கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் காய்கிற நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அந்தக் கணக்குத்தான்!

உறைய வைப்பதிலும் பக்குவம்

ஆறிய உருண்டைகளை ஒரு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். இப்படிச் செய்தால் வேண்டிய பத்தை மட்டும் எண்ணி எடுக்கலாம். கத்திக்கு வேலை இல்லை. பையின் மேல் தேதியையும், ‘வெந்தது’ அல்லது ‘பச்சை’ என்ற ஒரு வார்த்தையையும் எழுதி ஒட்டுங்கள். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் இல்லாததால்தானே இத்தனை கதையும்? ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் நல்லது. இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் ருசி குறைந்து, காய்ந்துபோகும்.

மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரா? ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பியதும் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. அடிக்குப் போயிருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மனசு கேட்காவிட்டாலும் கறியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இனி ஏர் ஃப்ரையர்

வெந்த உருண்டை என்றால்: இயந்திரத்தை 180 டிகிரியில் மூன்று நிமிடம் காலியாகச் சுட வையுங்கள். உருண்டைகளை வெளியே வைத்து உருகவிட வேண்டாம். நேராக ஃப்ரீசரிலிருந்து கூடைக்குப் போகலாம். ஒரே அடுக்காக, நடுவில் விரல் நுழைகிற இடம் விட்டு வையுங்கள். எங்கள் வீட்டுக் கூடைக்கு 12 பிடிக்கிறது. ஆறு நிமிடம் ஆனதும் வெளியே இழுத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயைப் பிரஷ்ஷால் எல்லா உருண்டை மேலும் தடவித் திருப்பிவிடுங்கள். பனிப்படலம் உருகிய பிறகு தடவினால்தான் எண்ணெய் ஒட்டும். மறுபடி ஐந்தாறு நிமிடம். பிட்டால் நடுவில் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும்; தெர்மாமீட்டர் வைத்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். எண்ணெயே இல்லாமல் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் பொட்டுக்கடலை மாவு வறட்டிப் புழுதி மாதிரி இருக்கும். அந்த இரண்டு தேக்கரண்டியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பச்சை உருண்டை என்றால்: சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். உறைந்த கறி வேக, உறையாத கறியைப் போல ஒன்றரை மடங்கு நேரமாகும் என்பது பொதுக் கணக்கு. நெல்லிக்காய் அளவு உருண்டையை 160 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, எண்ணெய் தடவித் திருப்பி, 180 டிகிரியில் மேலும் ஏழு எட்டு நிமிடம் வைத்தோம். எங்கள் வீட்டு மெஷினில் இது சரியாக வந்தது. உங்களுடையதில் முன்பின் ஆகலாம். கடிகாரத்தை நம்ப வேண்டாம்; உருண்டையின் நடுவை நம்புங்கள். கூடையில் இருப்பதிலேயே பெரிய உருண்டையைச் சோதியுங்கள்.

கடையில் வாங்கிய பாக்கெட் என்றால், முதலில் அட்டையைப் படியுங்கள். சிலது முன்பே வெந்தது. சிலது மேலே மட்டும் பொரித்து உள்ளே பச்சையாக இருப்பது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஸ்வீடன் நாட்டுக் கறி உருண்டையை ஐகியா கடைகள் 1985 முதல் விற்றுவருகின்றன. ஹைதராபாத் கடையில் அதைக் கோழிக்கறியில் செய்து பரிமாறுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கறி வேறு, பக்குவம் வேறு. ‘கோஃப்தா’ என்ற சொல்லுக்கே பாரசீகத்தில் ‘இடித்தது’ என்றுதான் வேராம். இடித்து உருட்டாத ஊர் எது? ஆனால் அந்தந்த உருண்டைக்கு அந்தந்த நேரம். பாக்கெட்டில் போட்டிருக்கிற சூடும் நேரமும்தான் அதற்கு வேதம்.

சின்னச் சின்ன எச்சரிக்கைகள்

இந்த இயந்திரம் 1,500 வாட் இழுக்கும். அதாவது ஆறரை ஆம்பியர். மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பாயிண்டில் செருகாதீர்கள். கிரைண்டர், கெய்சருக்கு வைத்திருக்கிற பெரிய பிளக் பாயிண்ட்தான் வேண்டும். மின்சாரச் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு.

பின்பக்கம் சூடான காற்று வெளியேறும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அடியில் போடுகிற காகிதத்தை, மேலே கனம் இல்லாமல் தனியாகப் போட்டுச் சுட வைக்கக் கூடாது. காற்றில் பறந்து போய்க் கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகும். கூடையின் ஓட்டைகளை அடைத்தாலும் பொரிப்பு வராது.

பச்சைக் கறியைத் தொட்ட பிரஷ்ஷை, வெந்த உருண்டையில் மறுபடி தொடாதீர்கள். கழுவிவிட்டு எடுங்கள்.

கொழுப்பு சொட்டிய அடித்தட்டை ஒவ்வொரு முறையும் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை புகை வரும்.

குழந்தைகளுக்கு: ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உப்பும் காரமும் போட்ட கோலா வேண்டாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு முழு உருண்டையைக் கையில் கொடுக்காதீர்கள். உருண்டை வடிவம் தொண்டையை அடைத்துவிடும். உதிர்த்தோ, நாலாகப் பிட்டோ கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடியாடிக்கொண்டு வேண்டாம். பிட்டுக் கொடுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நடுவில் வெந்திருக்கிறதா என்பதும் அம்மாவின் விரலுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு என் மருமகளின் விரலுக்குத் தெரிந்ததே, அது மாதிரி.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். எண்ணெய்ச் சட்டியில் பொரித்த கோலாவின் மொறுமொறுப்பு இதில் முழுசாக வராது. பத்துக்கு எட்டு மார்க் போடலாம். ஆனால் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் சட்டி இருக்கவே இருக்கிறது. வேலையிலிருந்து ஏழு மணிக்கு வந்து, இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, காய்ந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவளைக் கற்பனை செய்து பாருங்கள். அவளுக்கு இந்த எட்டு மார்க் பெரிய விஷயம். எண்ணெய் குறைகிறது என்பதும் உண்மைதான். ஆனால் கறியில் உள்ள கொழுப்பு கறியில்தான் இருக்கும். ‘ஏர் ஃப்ரையரில் செய்தது’ என்று சொல்லிக்கொண்டு ஒரே ஆளாகப் பன்னிரண்டையும் சாப்பிட்டால் டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்!

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், இரண்டு பை கோலாவை ஆவியில் வேகவைத்து, ‘வெந்தது’ என்று எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்தேன். ரயிலடியில் மருமகளிடம், “பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதாச்சும்னா நடுராத்திரியா இருந்தாலும் போன் பண்ணும்மா. கவலைப்படாம நிம்மதியா தூங்கி எனக்கு என்ன ஆகணும்?” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் இரவு பத்து மணிக்கு போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன். “ஒண்ணுமில்லை அத்தை. பாப்பாவுக்கு லேசா சளி, அவ்வளவுதான். நீங்கதான் சொல்லணும்னு சொன்னீங்களே” என்றாள். பக்கத்தில், “அப்பத்தா, கோலா தீந்துபோச்சு!” என்று இன்னொரு குரல்.

அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறேன். இட்லித் தட்டு அங்கேயே இருக்கிறது.

அடுத்த இதழில், ஃப்ரீசரில் எதையெல்லாம் வைக்கலாம், எதையெல்லாம் வைத்தால் பாழாகும் என்று பார்ப்போம். அதுவரை, மேலே சிவந்ததைப் பார்த்து மயங்காமல், நடுவைப் பிட்டுப் பாருங்கள்.